திறந்த குளமும் தராத கடவுச்சொல்லும்

என் சித்தப்பா ஒரு வீட்டு செப்டிக் டேங்குக்குள் இறங்கிச் செத்துப்போனார். அவரைத் தூக்க இறங்கிய பையனும் செத்தான். "குடிச்சிட்டு எறங்கினானுங்க, செத்தானுங்க" என்று சொல்லிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

அப்போது நான் விலங்கியல் மூன்றாம் ஆண்டு. புராஜெக்டுக்கு இதையே எடுக்கிறேன் என்றேன். "இது பயாலஜி இல்லப்பா, மீன் குடலை எடுத்துக்க" என்றார் ஆசிரியர். காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் என்-லிஸ்டில் எங்கள் கல்லூரியும் சேர்ந்திருந்தது. மாணவருக்கும் அதில் தனிக் கடவுச்சொல் உண்டு. மூணு வருசமாக யாரும் வாய் திறக்கவில்லை. நூலகத்தில் கேட்டால், "அதெல்லாம் ஸ்டாஃபுக்குத்தான்."

எம்.எஸ்ஸி. படித்த எங்க தெரு அக்காதான் பப்மெட்டைக் காட்டியது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் தரவுத்தளம். 1997 முதல் எல்லோருக்கும் இலவசம், கடவுச்சொல்லே வேண்டாம். நான் 'செப்டிக் டேங்க்' என்று அடித்தேன், கண்டதும் கழியதும் வந்து விழுந்தது. "ஆளைக் கொன்னது டேங்க் இல்லடா, வாயு. வாயுவோட பேரைக் கேளு" என்றது அக்கா. ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதோடு சாக்கடை, சாணக்குழி என்பதற்கான ஆங்கிலச் சொற்களை நடுவில் 'ஆர்' போட்டு அடைப்புக்குள் வைத்து, முன்னால் 'ஆண்ட்' சேர்க்க வேண்டும். இரண்டையும் பெரிய எழுத்தில் அடிக்கணும். ஒரே பொருளுக்குள்ள பல பெயர்களை ஒரு தலைப்பின் கீழ் கட்டிவைத்திருக்கும் 'மெஷ்' சொல்பட்டியலையும் பார்க்கணும். சுருக்கத்தோடு நின்றுவிடாமல், முழுக் கட்டுரை பப்மெட் சென்ட்ரலில் இலவசமாக இருக்கிறதா என்று தேடணும். இவ்வளவுதான் வித்தை. அரைமணி நேரத்தில் கத்துக்கலாம்.

கிடைத்தது என்ன தெரியுமா? அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். 100 பிபிஎம் அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போகும். நாத்தம் நின்றதும் ஆபத்தும் நின்றது என்று ஆள் நம்புவான். அது செல்லுக்குள் போய் சைட்டோகுரோம் ஆக்ஸிடேஸை முடக்கும். சயனைடு செய்கிற அதே வேலை, நாங்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அதே நொதி! காப்பாற்ற இறங்குகிறவர்களும் சாவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. அங்கேயெல்லாம் யாரும் அதைக் குடிமேல் போட்டுவிட்டுப் போகவில்லை.

இது பயாலஜி இல்லையாம்! எங்கள் சாவு எந்தப் பாடத்தில் வரும் என்று முடிவு செய்கிற அதிகாரத்தை இவர்களுக்கு யார் கொடுத்தது?

2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். நல்லதுதான். ஆனால் முதல் கட்டத்தில் இது அரசு நிறுவனங்களுக்கு மட்டும். கடன் வாங்கி சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்த நம்ம பிள்ளைகள் வெளியேதான் நிற்கிறார்கள். அரசுக் கல்லூரியிலும் எத்தனை பேருக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள்?

மகாத் நகராட்சி சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் கிடந்தது, தண்ணி குளத்தில் கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் சனங்களோடு நடந்துபோய் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. தரவுத்தளமும் அப்படித்தான். திறந்திருக்கிறது என்று அறிவித்தால் போதாது, நாம் போய் அள்ளணும்.

தோழர்களே, கல்லூரி நூலகரிடம் கடவுச்சொல்லை எழுத்தில் கேளுங்கள். ஆங்கிலம் பயமுறுத்தினால் பத்துச் சொல்லை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம்ம இரவுப் பள்ளியில் மாசத்தில் ஒருநாள் தேடக் கற்றுக்கொடுங்கள். மீன் குடலையும் படிப்போம். ஆனால் சித்தப்பா எப்படிச் செத்தார் என்ற கேள்வியை நாம் கேட்காவிட்டால் வேறு எவனும் கேட்கப்போவதில்லை.