வில்சனின் ஐந்தாவது அம்சத்தை யாராவது படித்தீர்களா?

நவம்பர் 11 வந்தால் போதும், நம் ஆசிரியர் குழுக்களில் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் படம் வந்துவிடும். உலக அமைதிக்கு 14 அம்சம் தந்த உத்தமர் என்று கூடவே ஒரு பாராட்டு. முப்பது வருஷம் வரலாறு நடத்தியவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: ஐந்தாவது அம்சத்தை முழுசாகப் படித்தவர் யார்?

1918 ஜனவரி 8-ல் அறிவித்தது. காலனிகள் யாருக்கு என்று தீர்க்கும்போது, அங்கே வாழும் மக்களின் நலனுக்கும், உரிமை கோரும் அரசின் நியாயத்துக்கும் சம எடை தரவேண்டுமாம். வீட்டுக்காரனுக்கும் பூட்டை உடைத்து நுழைந்தவனுக்கும் சம எடையா? 'சுயநிர்ணயம்' என்ற சொல்லே அந்த 14-ல் கிடையாது. கைடு போட்டவர்கள் சேர்த்துக்கொண்டது அது.

நம்மவர் ஒருவர் வில்சனை நம்பினார். சர் எஸ். சுப்பிரமணிய அய்யர், மதராஸ் ஹைகோர்ட் முன்னாள் நீதிபதி. 1917 ஜூனில் அவருக்கே கடிதம் எழுதி, இந்தியாவின் சுயாட்சிக்குத் துணை நிற்கும்படி கேட்டார். அதற்கு லண்டன் பார்லிமெண்டில் மாண்டேகுவின் கண்டனம்தான் கிடைத்தது. பெரியவர் 'சர்' பட்டத்தையும் 'திவான் பகதூரை'யும் துறந்துவிட்டார். இவர் படத்தை எந்தக் குழுவிலும் நான் பார்த்ததில்லை.

அந்தப் போருக்கு நம் பக்கம் கொடுத்ததும் கொஞ்சமில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட மதராஸ் மாட்டுத்தோல்தான் பிரிட்டிஷ் சிப்பாய் பூட்ஸுக்கு மேல்தோல். வட ஆற்காட்டிலிருந்து ஆட்களும் போனார்கள். கம்மவான்பேட்டைக்காரர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். இந்தியா முழுக்கச் செத்தவர்கள் சுமார் 74,000 பேர்.

கூலி என்ன? 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம். ஏப்ரல் 13-ல் ஜாலியன்வாலாபாக். அதற்கு இரண்டே நாள் முன்பு, ஏப்ரல் 11-ல், சர்வதேச சங்கத்தின் விதிகளில் இன சமத்துவத்தைச் சேர்க்கச் சொல்லி பாரிஸில் ஜப்பான் கேட்டது. 17 ஓட்டில் 11 ஆதரவு. ஒருமனதாக இல்லை என்று அதைத் தள்ளியவர், தலைவர் நாற்காலியில் இருந்த இதே வில்சன்.

"அந்தக் காலத்துக்கு அதுவே பெரிசு சார்" என்பார்கள். அந்தக் காலத்தில்தானே அந்த 11 ஓட்டும் விழுந்தது?

இப்போது பாடம் நடத்தும் தம்பி தங்கைகளே, 14-ஐயும் நம்பர் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். ஐந்தாவதை மட்டும் போர்டில் எழுதி, பக்கத்தில் ஏப்ரல் 11, ஏப்ரல் 13 என்று எழுதிவிட்டு, என்ன தோன்றுகிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.