சுமையைக் கட்டிக்கொண்டு ஓடுதல்

2007 ஏப்ரல் 16 அன்று பாஸ்டன் மாரத்தானில் ஓடிய ஒருவர் பாஸ்டனில் இல்லை, பூமியிலேயே இல்லை. சுனிதா வில்லியம்ஸ் சர்வதேச விண்வெளி நிலையத்தின் டிரெட்மில்லில் 4 மணி 24 நிமிடங்களில் அத்தொலைவை ஓடி முடித்தார். அதற்குள் நிலையம் ஏறத்தாழ மூன்று முறை பூமியை வலம் வந்திருந்தது.

இதனை ஒரு விந்தையாக மட்டுமே கொண்டாடிவிட்டோம் என்று தோன்றுகிறது. வியக்க வேண்டியது அந்த ஒரு நாளை அன்று, மற்ற நாட்களை. அங்கே காலை ஊன்றி உதைத்தால் உடல் மிதந்து போய்விடும். ஆகவே தோளிலும் இடுப்பிலும் பட்டைகளைப் பூட்டி, இழுவிசைக் கயிறுகளால் தம்மைக் கீழ்நோக்கிக் கட்டிக்கொண்டுதான் ஓடவேண்டும். உடற்பயிற்சிக்கென்று நாள்தோறும் சுமார் 2 மணி நேரம் செலவாகிறது. செய்யாவிடில் தசை மெலியும். இடுப்பெலும்பின் அடர்த்தி மாதந்தோறும் 1 முதல் 1.5 விழுக்காடு வரை குறையும்.

சுமை நீங்குவதே விடுதலை என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். எலும்பு அவ்வாறு எண்ணுவதில்லை. தாங்குவதற்கு ஏதுமில்லையெனில் அது தன்னையே கரைத்துக்கொள்கிறது.

2025 மார்ச்சில், 286 நாட்களுக்குப் பின் திரும்பிய அதே சுனிதாவை ஸ்டிரெச்சரில் கொண்டுசென்ற காட்சியைக் கண்டு பலர் இரங்கினர். அது வழக்கமான நடைமுறை, ஓட்டத்தின் தோல்வியன்று. விண்ணில் ஓடுகிறவர் இருந்த இடத்திலேயே ஓடுவதாகத்தான் நமக்குத் தெரிகிறது. உண்மையில் அவர் ஒவ்வொரு நாளும் பூமியை நோக்கியே ஓடிக்கொண்டிருக்கிறார்.