வலிக்காத காயம்தான் வில்லன்... சர்க்கரைநோயாளிகளின் பாதத்தை வீட்டில் யார் பார்க்கிறார்கள்?

"தாத்தா, இன்னொரு செருப்பு எங்கே?" என்று பேத்தி கேட்ட பிறகுதான் அவர் குனிந்து பார்க்கிறார். கடைக்குக் கிளம்பும்போது இரண்டு கால்களிலும் செருப்பு இருந்தது. ஒன்று எங்கே கழன்றது என்று தெரியவில்லை. 'வயசாயிடுச்சு, ஞாபகமறதி' என்று வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். பாதப் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டர்கள் இதைக் கேட்டால் சிரிக்க மாட்டார்கள். பல வருடங்களாக சுகர் இருக்கும் ஒருவருக்கு, நடக்கும்போது செருப்பு நழுவுவதுகூடத் தெரியவில்லை என்றால், அதை மறதி என்று விட்டுவிட முடியாது. பாதத்தின் உணர்வு போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு 2023-ல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரைநோய் இருப்பதாகக் கணக்கிட்டது. இப்படிப்பட்டவர்களில் 19 முதல் 34 சதவிகிதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது காலில் புண் வரலாம் என்கின்றன சர்வதேச மருத்துவ இதழ்கள். சர்க்கரைநோயால் கால் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அது ஒரு சாதாரணப் புண்ணில்தான் தொடங்கியிருக்கிறது. அந்தப் புண்ணை அன்றே யாராவது பார்த்திருந்தால் பல கால்கள் தப்பியிருக்கும்.

ரத்தத்தில் சர்க்கரை பல வருடங்கள் கூடுதலாகவே இருந்தால், உடலின் நீளமான நரம்புகள் முதலில் அடிவாங்கும். பாதத்துக்குப் போகும் நரம்புகள்தான் அவை. முதலில் எரிச்சல், மதமதப்பு, பஞ்சுமேல் நடப்பதுபோல ஓர் உணர்வு. பிறகு எதுவுமே தெரியாது. 'இப்பல்லாம் எரிச்சல் இல்லை, நல்லாயிடுச்சு' என்று நிம்மதியாகச் சொல்பவர்களில் சிலருக்கு உண்மையில் நரம்பு முழுதாகச் செயலிழந்திருக்கும். வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்புகளும் பழுதாவதால் தோல் காய்ந்து, குதிகால் வெடிக்கும். தசைகளுக்கான நரம்புகள் தளர்வதால் விரல்கள் மடங்கி, உள்ளங்காலின் சில இடங்களில் மட்டும் உடல் எடை குத்தி இறங்கும். அங்கே தோல் தடித்துக் காய்ப்பு வரும். அதை 'கால் ஆணி' என்று சொல்லி பிளேடால் சீவுவதும், மெடிக்கல் ஷாப்பில் கார்ன் கேப் வாங்கி ஒட்டுவதும் நம் ஊரில் சர்வசாதாரணம். உணர்வில்லாத காலில் இதைவிட ஆபத்தான கைவைத்தியம் இல்லை. காய்ப்புக்குள் கறுப்பாகவோ சிவப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால், அடியில் ஏற்கெனவே ரத்தம் கசிந்து புண் உருவாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

உச்சிவெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலுடன் சுற்றிவிட்டு வந்து, மாலையில் காலில் கொப்புளங்களைப் பார்ப்பவர்கள் உண்டு. பைக் சைலன்சரில் கால் பட்டது தெரியாதவர்கள், கால் வலிக்கு இதமாக இருக்கும் என்று வெந்நீரில் வைத்து வெந்துபோனவர்கள், ஷூவுக்குள் கிடந்த சின்னக் கல்லோடு நாள் முழுக்க நடந்தவர்கள்... எல்லோருக்கும் நடந்தது ஒன்றுதான். வலி வந்திருந்தால் அந்த நொடியே காலை எடுத்திருப்பார்கள்.

வேலூரில் கிடைத்த பாடம்

இந்த உண்மையை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேய அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் 'அழுகி விழுகின்றன' என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் நோயாளிகளின் அன்றாட வேலைகளைக் கூடவே இருந்து கவனித்தார். சிலருக்கு இரவில் தூங்கி எழுந்தால் விரலின் ஒரு பகுதி காணாமல் போயிருந்தது. ஆளைவைத்து இரவு முழுக்கக் கண்காணித்தபோது, எலி கடிப்பது தெரிந்தது. கடித்தது அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனையும் கொடுத்தனுப்பினார்களாம்!

சதை கெட்டுப்போவதற்கு, வலி இல்லாததுதான் காரணம் என்ற முடிவுக்கு வந்த பிராண்ட், புண் வந்த காலை மாவுக்கட்டுக்குள் வைத்து, அழுத்தம் படாமல் பார்த்துக்கொண்டால் அது ஆறுவதை வேலூரிலேயே பார்த்தார். மிருதுவான ரப்பரில் 'எம்.சி.ஆர்' செருப்புகளும் அந்தப் பணியில்தான் உருவாயின. 1960-களில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் மருத்துவமனைக்குப் போன பிறகு, அதே முறையைச் சர்க்கரைநோயாளிகளின் கால்களுக்கும் கொண்டுசென்றார். இன்று டாக்டர்கள் மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, 'தெரியுதா?' என்று கேட்கிறார்களே... 10 கிராம் அழுத்தம் தரும் அந்த இழையைப் பாதப் பரிசோதனைக்கான அளவுகோலாக நிலைநிறுத்திய ஆய்வுகளும் கார்விலில் நடந்தவைதான். ஒரு நிமிடம்கூட ஆகாத சோதனை. ஆனாலும் சுகர் செக்கப்புக்குப் போகும் பலரிடம் இதுவரை யாரும் 'செருப்பைக் கழற்றுங்க' என்று சொன்னதே இல்லை.

டிரஸ்ஸிங் மட்டும் போதாது

புண் வந்துவிட்டால் பலரும் தினமும் கட்டுப் போடுவதையே சிகிச்சை என்று நினைக்கிறார்கள். அதற்கு முன்பே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. செத்துப்போன திசுக்களை டாக்டர் சீவி எடுக்க வேண்டும். எலும்புவரை தொற்று இறங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்க்க வேண்டும். காலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று டாப்ளர் கருவியில் பார்க்க வேண்டும். ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த களிம்பு போட்டாலும் புண் ஆறாது. இதயத்துக்குச் செய்வதுபோலவே காலுக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி உண்டு என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

இதையெல்லாம் செய்தும் புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போவதற்கு முக்கியமான காரணம், அந்தக் காலாலேயே நடந்துகொண்டிருப்பதுதான். பாதத்தோடு ஒட்டிய விசேஷ மாவுக்கட்டைப் போட்டு, வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால், ரத்த ஓட்டமும் நன்றாக இருந்து கடுமையான தொற்றும் இல்லாத பாதத்தில், உள்ளங்கால் புண் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஆறிவிடுகிறது. கழற்றி மாட்டும் விசேஷக் காலணியைவிட இது ஏன் நன்றாக வேலை செய்கிறது? கழற்ற முடியாது என்பதால்தான்! அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், கழற்றக்கூடிய சாதனம் கொடுக்கப்பட்டவர்கள் ஒரு நாளில் எடுத்துவைத்த அடிகளில் 28 சதவிகிதத்துக்கு மட்டுமே அதை அணிந்திருந்தார்கள். வீட்டுக்குள் வந்ததும் கழற்றி வைத்துவிட்டார்கள்.

'ரெண்டு மாசம் காலை ஊன்றாதீங்க' என்று சொல்வது சுலபம். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது இரண்டு மாத வருமானம். குடும்பத் தலைவிக்கோ லீவு என்று ஒன்று கிடையவே கிடையாது. சமையல், துணி, குழந்தைகள், மாமியார் மருந்து எல்லாம் முடித்துவிட்டுக் கட்டிலில் சாயும்போதுதான் கட்டு ஈரமாகியிருப்பதைப் பார்ப்பார். அப்பாவுக்குப் புண் என்றால் வீடே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறது. அம்மாவோ சேலை மறைவில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு, 'ஒண்ணுமில்ல, சின்னக் காயம்' என்று சமாளிக்கிறார். மாவுக்கட்டுப் போட்ட எட்டு வாரங்களுக்கு அடுப்படியை யார் பார்ப்பது என்பதையும் டாக்டரின் அறையிலேயே பேசி முடிவெடுப்பதுதான் நியாயம்.

'எடுக்கணும்' என்ற சொல்

ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் வீட்டிலேயே வைத்திருந்து, அந்தத் தாமதத்தாலேயே காலை இழப்பவர்கள் நிறைய. சிவப்பு மேலேறுவது, வீக்கம், துர்நாற்றம், கறுப்பு நிறம், காரணமே இல்லாமல் திடீரென எகிறும் சுகர்... இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தொற்று தீவிரமாக இருந்தும் சிலருக்குக் காய்ச்சலே வராது. காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாகி வீங்கினாலும் சுளுக்கு என்று தைலம் தேய்க்க வேண்டாம். உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம்.

ஒரு விரலை எடுக்கச் சொல்லும்போது குடும்பம் ஒரு வாரம் யோசிக்கிறது. அந்த ஒரு வாரத்தில் தொற்று கணுக்காலைத் தாண்டிவிடுகிறது. பல நேரங்களில் விரலைக் கொடுப்பதுதான் காலைக் காப்பாற்றும் வழி. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று சொன்னால், ரத்த ஓட்டத்தைப் பரிசோதித்துவிட்டார்களா, ரத்தநாள நிபுணர் பார்த்துவிட்டாரா என்று கேட்க நோயாளிக்கு உரிமை இருக்கிறது. தொற்று ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் மட்டும் அதற்கு நேரம் இருக்காது. பாதப் பரிசோதனைக்காகத் தமிழக அரசு, 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தை தஞ்சாவூரில் சோதனை முறையில் தொடங்கி விரிவுபடுத்தியிருக்கிறது. அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் அதைப் பற்றிக் கேட்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். இரவு படுக்கும்முன் இரண்டு பாதங்களையும் விரல் இடுக்குவரை பார்ப்பது. குனிய முடியாதவர்களுக்கு மகனோ மருமகளோ செல்போனில் உள்ளங்காலைப் படமெடுத்துக் காட்டுவது. புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டு, சூட்டில் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்ப்பது. வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் போதும், விரல் இடுக்குகளில் மட்டும் வேண்டாம். வீட்டுக்குள்ளும் செருப்பு போடலாம். பின்னால் பட்டை வைத்த எம்.சி.ஆர் செருப்பு என்றால் கழன்று விழாது.

புண் ஆறிய பிறகும் இது தொடர வேண்டும். ஆறிய புண்களில் சுமார் 40 சதவிகிதம் ஒரே வருடத்துக்குள் திரும்ப வருகின்றன. ஒரு காலை ஏற்கெனவே இழந்தவருக்கு முழு எடையும் இன்னொரு காலில் இறங்குகிறது என்பதால், அந்தப் பாதத்தைக் காலையிலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.