முதலாளி மாறட்டும், சேவைக்காலம் தொடரட்டும்

பத்து பாகாட் வட்டார அரசுக் குத்தகைத் தொழிலாளர்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: மனிதவள அமைச்சு, சுகாதார அமைச்சு, கல்வி அமைச்சு, நிதி அமைச்சு, ஜோகூர் மாநில அரசு, பத்து பாகாட் மாவட்டத்தின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள்.

நாங்கள் யார்

மருத்துவமனை வார்டுகளைக் கூட்டித் துடைக்கிறோம். மஞ்சள் பையில் கட்டிய மருத்துவக் கழிவைத் தள்ளிக்கொண்டு போகிறோம். பள்ளிக் கழிப்பறைகளைக் கழுவுகிறோம், பள்ளி வாசலில் இரவுக் காவல் இருக்கிறோம். இடம் அரசுடையது. பணமும் அரசுக் கருவூலத்திலிருந்துதான் வருகிறது. சம்பளச் சீட்டில் மட்டும் ஏதாவது ஒரு தனியார் கம்பெனியின் பெயர் இருக்கும். அந்தப் பெயரும் நிலைப்பதில்லை.

டெண்டர் கைமாறும் நாளில் நடப்பது இது. வேலை முடிந்ததும் ஸ்டோர் அறைக்கு வரச் சொல்வார்கள். மேசையில் ஆளுக்கு இரண்டு தாள் இருக்கும். ஒன்று, பழைய கம்பெனிக்கு நாங்களே விரும்பி எழுதியதுபோல் தட்டச்சு செய்து வைத்த ராஜினாமாக் கடிதம். மற்றது, புதிய கம்பெனியின் நியமனக் கடிதம். இரண்டிலும் கையெழுத்துப் போட்டவருக்குப் புதுச் சட்டை கிடைக்கும். மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே வார்டு, அதே தள்ளுவண்டி, அதே சூப்பர்வைசர். காகிதத்தில் மட்டும் நாங்கள் நேற்றுச் சேர்ந்த புது ஆட்கள்.

நாங்கள் இழப்பது என்ன

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடாந்திர விடுப்பு 8 நாள், ஐந்து ஆண்டைத் தாண்டியவருக்கு 16 நாள். மருத்துவ விடுப்பு முன்னவருக்கு 14 நாள், பின்னவருக்கு 22 நாள். 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஆள்குறைப்பு நடந்தால் ஐந்து ஆண்டைத் தாண்டியவருக்குச் சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் இழப்பீடு. இரண்டு ஆண்டுக்குக் குறைந்தவருக்கு அது 10 நாள்தான்.

குத்தகை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கைமாறினால் எங்களில் எவராலும் ஐந்து ஆண்டைத் தொடவே முடியாது. கம்பெனி மாறியதும், இருபது வருஷம் ஒரே கட்டடத்தில் மாப்பு பிடித்த அக்காவுக்கும், போன மாதம் வந்த பையனுக்கும் எட்டு நாள் விடுப்புதான். சட்டத்தை யாரும் மீறவில்லை. சேவைக்காலத்தைத் திரும்பத் திரும்பப் பூஜ்யமாக்கியே சட்டம் தரும் உரிமையைப் பறித்துவிடுகிறார்கள்.

இது தொடங்கியது இப்படி. 1996இல் அரசு மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை, மருத்துவக் கழிவு, கட்டடப் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு என ஐந்து சேவைகள் மூன்று நிறுவனங்களிடம் 15 ஆண்டுக்கு ஒப்படைக்கப்பட்டன. அவற்றுக்குக் கீழே துணைக் குத்தகைகள் முளைத்தன. பள்ளிகளில் இரண்டு மூன்று ஆண்டு டெண்டர் வழக்கமாயிற்று. எங்களில் பலருடைய பெற்றோர் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் கொந்தரக்டரிடம் கைகட்டி நின்றவர்கள். பிள்ளைகளாவது அரசாங்க வேலைக்குப் போகட்டும் என்று ஆசைப்பட்டார்கள். நாங்கள் அரசாங்கக் கட்டடத்துக்குள் வந்துவிட்டோம், கொந்தரக்டரும் கூடவே வந்துவிட்டார்.

விமானிகளிடமிருந்து கற்றது

இது துடைப்பக்காரர்களின் பிரச்சினை மட்டும் என்று எவரும் நினைக்க வேண்டாம். 2006 ஆகஸ்டில் சபா, சரவாக் உள்ளூர் வான்வழித் தடங்கள் மாஸ் எனப்படும் மலேசிய விமான நிறுவனத்திடமிருந்து ஃபேக்ஸ் என்ற தனியார் நிறுவனத்துக்குக் கைமாறின. சேவை தடுமாறியது. 2007 அக்டோபரில் மாஸ்விங்ஸ் என்ற பெயரில் அவை மீண்டும் மாஸிடமே வந்தன. 2015இல் தனிச் சட்டம் ஒன்றின் துணையோடு பழைய மாஸ் மூடப்பட்டுப் புதிய நிறுவனம் தொடங்கியது. சுமார் 6,000 பேருக்கு வேலை போயிற்று. புதிய நிறுவனம் பழையதன் வாரிசு முதலாளி அல்ல என்று சட்டமே எழுதிவைத்தது. எங்கள் ஸ்டோர் அறையில் இரண்டு தாளில் நடப்பது அங்கே நாடாளுமன்றத்தில் நடந்தது.

இப்படி வேலை கைமாறாமலிருக்க அமெரிக்க விமானிகள் ஓர் எல்லை விதியைத் தங்கள் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தங்களில், 76 இருக்கைக்கு மேற்பட்ட ஜெட்டை வட்டாரத் துணை நிறுவனத்துக்குக் கொடுக்கக்கூடாது, சொந்த விமானிகளே ஓட்ட வேண்டும் என்று இருக்கிறது. வேலையை எந்தக் கோடு வரை வெளியே கொடுக்கலாம் என்பதை முதலாளி தனியாக முடிவு செய்ய முடியாது.

அந்த விதி பாதிதான் காத்தது. கோட்டுக்கு உள்ளே இருந்தவர் தப்பினார், வெளியே இருந்தவர் அற்பச் சம்பளத்தில் கிடந்தார். 2009 பிப்ரவரி 12இல் பஃபலோ நகருக்கு அருகே 50 பேரைப் பலிகொண்ட விமானம் காண்டினென்டல் பெயரில் பறந்தது. ஓட்டியது கோல்கன் ஏர் என்ற சிறு நிறுவனம். விமானியின் தவறே காரணம் என்று முடிவானது. ஆனாலும் துணை விமானியின் சொற்பச் சம்பளமும், இரவெல்லாம் பயணம் செய்து வேலைக்கு வந்த களைப்பும் விசாரணையில் வெளியே வந்தன. எனவே வேலையைக் காக்கும் விதியையும், வெளியே நிற்கும் ஆளைக் காக்கும் விதியையும் சேர்த்தே கேட்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள்

1. சேவைக்காலத் தொடர்ச்சி. ஒரு பணியிடத்தில் முதல்நாள் வேலைக்கு வந்த தேதியே எல்லாக் கணக்குக்கும் தொடக்கம். கம்பெனி மாறும்போது ஏற்கெனவே இருக்கும் ஆட்களை, இருக்கும் சம்பளத்துக்கும் சலுகைக்கும் குறையாமல் எடுத்துக்கொள்வது டெண்டர் ஆவணத்திலேயே கட்டாய நிபந்தனையாக வேண்டும். பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு விதிமுறைகள், சேவைக் குத்தகை கைமாறும்போது தொழிலாளியின் ஒப்பந்தமும் கூடவே மாற வழிசெய்திருக்கின்றன. இங்கே முடியாது என்பதற்குக் காரணம் இல்லை.

2. கட்டாய ராஜினாமாவுக்குத் தடை. குத்தகை மாற்றத்தின்போது வாங்கப்படும் ராஜினாமாக் கடிதம் செல்லாது என்று தொழிலாளர் இலாகா அறிவிக்க வேண்டும். அப்படி வாங்கும் நிறுவனம் அடுத்த டெண்டரில் கலந்துகொள்ளத் தகுதி இழக்க வேண்டும்.

3. அரசே முதன்மைப் பொறுப்பாளர். குத்தகையாளர் சம்பளம் தராவிட்டால், வேலை கொடுத்த முதன்மை நிறுவனமும் மூன்று மாதச் சம்பளம் வரை பொறுப்பு என்கிறது வேலைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. அந்தப் பொறுப்பை அமைச்சுகள் வெளிப்படையாக ஏற்க வேண்டும். ஊழியர் சேமநிதி, சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) சந்தா பாக்கியும் அதில் சேர வேண்டும். பாக்கி இருக்கும்வரை குத்தகையாளரின் கடைசித் தொகை விடுவிக்கப்படக் கூடாது.

4. சேவைப்படி. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதை வரவேற்கிறோம். ஆனால் எங்களுக்கு அடித்தளமும் கூரையும் அந்தத் தொகையேதான். ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் படி நிர்ணயிக்க வேண்டும். ஆட்செலவைக் குறைத்துக் காட்டி ஏலம் கேட்கும் விண்ணப்பங்களைத் திறக்காமலே நிராகரிக்க வேண்டும்.

5. எல்லை விதி. ஆண்டு முழுவதும், தினமும் தேவைப்படும் வேலை நிரந்தர வேலை. இனிப் புதிதாக எந்த நிரந்தர வேலையும் குத்தகைக்குப் போகக் கூடாது. ஏற்கெனவே போனவை, குத்தகை முடிய முடிய, படிப்படியாக அரசுப் பணிக்குத் திரும்ப வேண்டும். திரும்பும்போது அங்கே வேலை செய்பவர்களுக்கே முன்னுரிமை.

6. சங்கமும் கூட்டு ஒப்பந்தமும் தொடர வேண்டும். புதிய கம்பெனி வந்ததும் சங்கத்தின் அங்கீகாரம் காலாவதியாகக் கூடாது. 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 13(3) பிரிவு, ஆட்சேர்ப்பு, இடமாற்றம், ஆள்குறைப்பு, வேலைப் பங்கீடு ஆகியவற்றைக் கூட்டு ஒப்பந்தக் கோரிக்கைக்கு வெளியே நிறுத்துகிறது. பின்வந்த திருத்தம் பொதுப்படையாகக் கேள்வி எழுப்ப இடம் தந்ததே தவிர, தடையை நீக்கவில்லை. விமானிகள் எழுதிய எல்லை விதியை இங்கே ஒரு சங்கம் கேட்க இந்தப் பிரிவே குறுக்கே நிற்கிறது. இதை ரத்து செய்ய வேண்டும்.

7. மறியலுக்குக் கைவிலங்கு வேண்டாம். 1979 மாஸ் தொழில் தகராறில் சங்கத்தினர், விசாரணையின்றிக் காவலில் வைக்கும் இசா சட்டத்தில் கைதானார்கள், சங்கத்தின் பதிவு ரத்தானது, மறு ஆண்டே தொழிற்சங்கச் சட்டங்கள் இறுக்கப்பட்டன. 2020 ஜூன் 2இல் ஈப்போ மருத்துவமனை வாசலில் அமைதியாக மறியல் செய்த துப்புரவுத் தொழிலாளர் தரப்பின் ஐவர் கைதானார்கள். மூன்றாவது முறை வேண்டாம்.

8. உயிர்ப் பாதுகாப்பு. மருத்துவமனைத் தொழிலாளர் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, கிழியாத கையுறை, மூடிய காலணி ஆகியவற்றைக் கம்பெனி செலவிலேயே தர வேண்டும். ஊசி குத்திவிட்டால் செய்ய வேண்டியதை மலாய், தமிழ், சீன மொழிகளில் சொல்லித்தர வேண்டும். புகார் செய்தவரை வேறு பணியிடத்துக்குத் தூக்கியடிக்கக் கூடாது.

எங்கள் உறுதி

வெளிநாட்டுத் தொழிலாளரை விரட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. எங்களோடு ஒரே தரையைத் துடைக்கும் பங்களாதேஷ், இந்தோனேசியத் தோழர்களுக்கும் இந்த எட்டும் பொருந்தும். மலிவான ஆள் என்று ஒருவர் இருக்கும்வரை மற்றவர் சம்பளமும் உயராது. நிரந்தர ஊழியர் சங்கங்களையும் அழைக்கிறோம்: எங்கள் பிரச்சினை நாளை உங்கள் இலாகாவுக்கும் வரும்.

சாசனம் கையளிக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் எல்லாப் பெறுநர்களும் எழுத்து வழியாகப் பதில் தர வேண்டும். பேச்சுவார்த்தைக்கு அழைத்தால் எங்கள் பிரதிநிதிகள் பத்து பாகாட்டிலிருந்து எங்கும் வருவார்கள். பதில் இல்லையென்றால் சட்டம் அனுமதிக்கும் மறியலைத் தொடங்குவோம்.

"பரிசீலிக்கிறோம்" என்ற கடிதத்தைப் பதிலாக ஏற்க மாட்டோம். இந்த மாவட்டத்தில் அடுத்து வரும் டெண்டர் அறிவிப்பை வாங்கிப் பார்ப்போம். அதில் முதல் கோரிக்கை நிபந்தனையாக அச்சாகியிருந்தால் அதுவே அரசின் பதில்.

இப்படிக்கு,
பத்து பாகாட் வட்டார அரசு மருத்துவமனை, பள்ளிக் குத்தகைத் தொழிலாளர்கள்