வயர்கார்ட் வி.பி.என் தயார், அதை நடத்துபவரை நம்பலாமா?

ஆண்ட்ராய்டு கைப்பேசித் திரையின் மேல் ஓரத்தில் சிறிய சாவி வடிவம் தெரிந்தால், அதில் வி.பி.என் இயங்குகிறது என்று பொருள். பெஸ்தாரி ஜெயாவில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகன் அதைப் போட்டிருக்கலாம். ஈஜோக்கிலிருந்து தினமும் கிள்ளானுக்கு வேலைக்குப் போய்வரும் மகள் நிறுவனத்தின் கணினிக்குள் நுழைய அதைப் பயன்படுத்தலாம். பள்ளி மாணவன் யாரிடமும் சொல்லாமல் பதிவிறக்கி இருக்கவும் கூடும். மூன்றும் ஒரே சாவிதான். மூன்றின் விளைவும் ஒன்றல்ல.

வி.பி.என் என்பது கைப்பேசிக்கும் வேறோர் இடத்திலுள்ள கணினிக்கும் இடையே போடப்படும் மூடிய குழாய். அதன் வழியே போகும் தகவலை, இடையிலிருக்கும் அருகலை உரிமையாளரோ இணையச் சேவை நிறுவனமோ படிக்க முடியாது. இத்துறையில் இன்று அதிகம் பேசப்படும் தொழில்நுட்பம் வயர்கார்ட். அது அன்றாடப் பயன்பாட்டுக்குத் தயாரா என்பதே கேள்வி.

*தொழில்நுட்பம் தேறிவிட்டது*

வயர்கார்டை உருவாக்கியவர் ஜேசன் டோனன்ஃபெல்ட். தொடக்க ஆண்டுகளில், இந்தப் பணி இன்னும் முடியவில்லை, இதை நம்பி இருக்க வேண்டாம் என்று அதன் சொந்த இணையத்தளமே எச்சரித்தது. 2018-இல் லினக்ஸ் மென்பொருளின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் அதை வெளிப்படையாகப் பாராட்டினார். 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 பதிப்பின் மையப் பகுதியிலேயே அது சேர்க்கப்பட்டது. இன்று பெரிய வி.பி.என் நிறுவனங்கள் பலவும் அதையோ அதன் மாற்று வடிவத்தையோ பயன்படுத்துகின்றன.

அதன் பலம் அதன் சுருக்கத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 4,000 வரிகளில் அதன் மைய நிரல் அடங்கிவிடுகிறது. பழைய வகைகள் பல்லாயிரம், சில இலட்சம் வரிகள் வரை நீள்பவை. நிரல் சிறிதாக இருந்தால் நிபுணர்கள் அதை முழுமையாகப் படித்துப் பிழை தேட முடியும்.

தோட்டப்புறத்துக்கு இன்னொரு பலம் முக்கியமானது. புக்கிட் ரோத்தானிலிருந்து தஞ்சோங் காராங் போகும் வழியிலோ, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவிலோ கைப்பேசி ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். வீட்டு அருகலையிலிருந்து கைப்பேசித் தரவுக்கு மாறும். பழைய வி.பி.என்கள் இத்தகைய இடங்களில் அறுந்து, மீண்டும் இணையத் தடுமாறும். வயர்கார்ட் இணைப்பை விடாமல் தொடரும். தகவல் எதுவும் போகாத நேரத்தில் பெரும்பாலும் அமைதியாக இருப்பதால் மின்கலமும் அதிகம் கரையாது.

செலவு இல்லாமல் இல்லை. அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சுமார் 60 பைட்டு கூடுதலாகச் சேரும். 1,500 பைட்டு கொண்ட முழுப் பொட்டலத்தில் அது 4 விழுக்காடு. 10 ஜிபி முன்கட்டணத் தரவில் ஏறக்குறைய 400 எம்பி குழாய்க்கே போய்விடும். எல்லாவற்றையும்விட, வி.பி.என் அலைவரிசையை உருவாக்காது. கோபுரம் எட்டாத லயத்து வீட்டில் வயர்கார்டும் எட்டாது.

வேறு இரு குறைகளும் உண்டு. சில பல்கலைக்கழக, அலுவலக வலையமைப்புகள் அது பயன்படுத்தும் யு.டி.பி வழியை அடைத்து வைத்திருக்கும். அங்கே அது இணையாது. தன்னை வி.பி.என் என்று காட்டாமல் மறைத்துக்கொள்ளும் வசதியும் அதனிடம் இல்லை.

*தேறாதது நம்பிக்கை*

வயர்கார்ட் என்பது குழாய் மட்டுமே. குழாயின் மறுமுனையில் இருப்பவர் யார் என்பதை அது சொல்வதில்லை. அதுவரை இணையச் சேவை நிறுவனம் பார்க்க முடிந்ததை, இனி வி.பி.என் நிறுவனம் பார்க்க முடியும். அதாவது நம்பிக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

முகநூல் நிறுவனம் 2013-இல் வாங்கிய ஒனாவோ என்ற இலவச வி.பி.என், தரவைப் பாதுகாப்பதாகச் சொல்லியே விளம்பரப்படுத்தப்பட்டது. பயனர்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவல் தாய் நிறுவனத்துக்குப் போனது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய மத்திய நீதிமன்றம் அதற்காக 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

2024 மே மாதம் வெளிவந்த செய்தி இன்னும் நெருக்கமானது. இலவச வி.பி.என்களைப் பதிவிறக்கியவர்களின் கணினிகளை ஒரு கும்பல் கைப்பற்றி, அவர்களின் இணைய முகவரிகளைக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தது. '911 எஸ்5' எனப்படும் அந்த வலையில் 1 கோடியே 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் சிக்கியிருந்தன என்று அமெரிக்க நீதித்துறை அறிவித்தது. அதை நடத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் கைதானது பக்கத்திலுள்ள சிங்கப்பூரில். யாரோ செய்த மோசடியின் தடயம், ஒன்றும் அறியாத குடும்பத்தின் வீட்டு இணைப்பில் போய் நிற்கும் நிலை அது.

*மலேசியாவில் என்ன நிலை?*

மலேசியாவில் வி.பி.என் பயன்படுத்துவது குற்றமல்ல. அதன் வழியாகச் செய்யும் குற்றம் குற்றமே. 2024 செப்டம்பரில், வெளிநாட்டு டி.என்.எஸ் சேவைகளுக்குச் செல்லும் கோரிக்கைகளை உள்நாட்டு நிறுவனங்கள் பக்கம் திருப்ப மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் முனைந்தது. எதிர்ப்பு எழுந்ததும், அதைத் தொடர வேண்டாம் என்று செப்டம்பர் 8-ஆம் தேதி தொடர்பு அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அறிவித்தார். 2025 இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. 16 வயதுக்குக் குறைந்தோரைச் சமூக ஊடகத்திலிருந்து விலக்கி வைப்பதும் அரசின் திட்டம். பிரிட்டனில் 2025 ஜூலையில் வயதுச் சோதனை கட்டாயமானதும் வி.பி.என் பதிவிறக்கம் எகிறியது. இங்கும் பிள்ளைகள் முதலில் தேடப்போவது இலவசச் செயலியைத்தான். ஆணையம் முடக்கிய சூதாட்டத் தளங்களும் அதே குழாய் வழியே திறக்கும் என்பதைப் பெற்றோர் மறக்கக்கூடாது.

வி.பி.என் இருந்தால் மோசடி நெருங்காது என்ற எண்ணமும் தவறு. வங்கிச் செயலிகள் ஏற்கெனவே தகவலைப் பூட்டியே அனுப்புகின்றன. கல்யாண அழைப்பிதழ் என்று சொல்லிப் புலனத்தில் வரும் ஏ.பி.கே கோப்பையோ, காவல்துறை அதிகாரி போல் பேசும் அழைப்பையோ எந்த வி.பி.என்னும் தடுக்காது. பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 997.

*யாருக்குத் தேவை?*

விடுதி அருகலையில் படிக்கும் மாணவர், வெளியிலிருந்து நிறுவன வலையமைப்பில் நுழையும் ஊழியர், அடிக்கடி வெளியூர் போகிறவர் ஆகியோருக்கு வயர்கார்ட் இன்றே ஏற்றது. புலனம், வங்கி, ஊழியர் சேமநிதிக் கணக்கு என்ற அளவில் கைப்பேசியைப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு அது அவசியமில்லை. கைப்பேசி மென்பொருளைப் புதுப்பித்து வைப்பதே அவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

பதிவிறக்கும் முன் கேட்க வேண்டியவை மூன்று: நிறுவனத்தின் உரிமையாளர் யார்? இலவசம் என்றால் வருமானம் எங்கிருந்து வருகிறது? வெளியார் யாராவது அதைத் தணிக்கை செய்திருக்கிறார்களா? கட்டணம் செலுத்துவோரின் பணத்தில் இலவசச் சேவையும் தரும் நிறுவனங்கள் உண்டு. அவை இந்தக் கேள்விகளுக்கு வெளிப்படையாகப் பதில் சொல்கின்றன. பதில் கிடைக்காத செயலியை வீட்டுக் கைப்பேசிகளிலிருந்து இன்றே நீக்கிவிடலாம். பிள்ளையின் திரையில் அந்தச் சாவி தெரிந்தால், பிடுங்கிப் பார்ப்பதைவிட எதற்காகப் போட்டாய் என்று உட்கார வைத்துக் கேட்பது பயன் தரும்.