ஏட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா?

'தளர்வு' என்ற சொல்லைக் கேட்டாலே மனசு இலேசாகும். ஆனால் 2021 ஜூன் 7-ஆம் தேதி தமிழக அரசு பொது முடக்கத்தைத் தளர்த்தியபோது, நம் கோவை, திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட 11 மாவட்டங்களுக்குத் தளர்வு குறைவாகத்தான் கிடைத்தது. கொரோனா தொற்று இந்தப் பக்கம் அதிகம். ஏற்றுமதி நிறுவனங்கள் 10 சதவீதப் பணியாளர்களோடு, அதுவும் மாதிரி அனுப்பும் வேலைக்கு மட்டும் இயங்கலாம் என்றார்கள். அடுத்த வாரம் அது 25 சதவீதம் ஆயிற்று.

நூறு பேர் வேலை செய்த பனியன் கம்பெனியில் முதலில் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேர் யார், சகோதரிகளே?

அக்கம்பக்கத்தில் சிறு கம்பெனி வைத்திருந்த சிலருக்கு அந்த நாட்களில் விவரங்களைச் சேகரித்து இ-பதிவு செய்து கொடுத்தேன். வேலைக்குப் போய்வர இ-பதிவும் கம்பெனி அடையாள அட்டையும் வேண்டும். பஸ் கிடையாது, ஜூலை 5-ஆம் தேதிதான் நம் மாவட்டங்களில் மறுபடி ஓடியது. ஆகவே சொந்த வண்டி உள்ளவர்களாகப் பார்த்துப் பட்டியல் எழுதினார்கள். பெண்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

பிசிர் வெட்டும் அக்கா ஒருவர் வந்து நின்றார். "ஏனுங்க, எம் பேரையும் சேத்துங்க. ஆறு வருசமா அங்கதானுங்க வேலைக்குப் போறேன். நடந்தே போயிக்கறேன்" என்றார். முதலாளியைக் கேட்டேன். "பீஸ் ரேட்டுக்கு வர்றவங்களுங்க. ரிஜிஸ்டர்லயே பேரு இல்லீங்களே, கார்டு எப்படிங்க குடுக்கறது?" என்று கையை விரித்தார்.

கம்பெனிக்கு அனுமதி வந்தது. ஆறு வருஷம் உழைத்தவருக்கு வழி இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். வேலைக்குப் போகும் சகோதரிகள், பீஸ் ரேட்டானாலும் கூச்சப்படாமல் கேளுங்கள்: "ரிஜிஸ்டரில் என் பெயர் இருக்கிறதா? அடையாள அட்டை உண்டா?" பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற கம்பெனியில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. உரிய நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்துக்கு ஈடாகப் பணம் கிடைக்கும். இளம் தாய்மார்களுக்கு இது சின்ன விஷயமா?

வீட்டிலேயே தையல், மசாலாப் பொடி, முறுக்கு என்று தொழில் செய்கிறவர்கள், ஆதார் எண்ணும் பான் எண்ணும் கொடுத்து உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டணம் கிடையாது. தின்பண்டமானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் அவசியம். இரண்டையும் ஒரே உறையில் போட்டு ரேஷன் கார்டோடு வைத்துவிடுங்கள்.

அனுமதி கேட்கும் நாள் சொல்லிக்கொண்டு வராது. இந்த வாரமே, சம்பளம் வாங்கும்போது அந்த ஏட்டைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.