கெமராவை விடுங்க, முதல்ல மைக்கைப் பாருங்க

நமுனுகுல பக்கம் ஐப்பசி மழை எப்படி இருக்கும்னு தகரக் கூரைக்குக் கீழ படுத்தவங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படியொரு மழை நாளில்தான் எங்கள் குழு முதன்முதலாக ஒரு ரெக்கோர்டிங் செய்தது. லயத்துக் காம்பரா ஒன்றில் ஓர் அம்மாயி தாலாட்டு பாடினார். எங்களிடம் நாலு பேர் காசு போட்டு வாங்கிய யூஎஸ்பி கண்டென்சர் மைக், இரவல் லேப்டொப், அம்மாயியின் முகத்துக்கு நேரே ஒரு ரிங் லைட். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் மழை அருமையாகப் பதிவாகியிருந்தது. பக்கத்துக் காம்பரா டீவி நாடகமும் தெளிவாகக் கேட்டது. அம்மாயியின் குரல் மட்டும் எங்கேயோ தூரத்தில். "வெயில் வரட்டும், இன்னொருக்கா எடுப்போம்"னு சொல்லிக்கொண்டோம். தை பிறந்தது, வெயிலும் வந்தது. அம்மாயி இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறோம். எங்கள் வாதம் சின்னது. வீட்டுப் பாட்டைப் பதிய நினைக்கிற இளசுகள் முதல் காசைச் சத்தத்துக்குப் போடணும். படத்துக்குக் கையில் இருக்கிற போனே போதும். வாங்குறதைத் தனியா வாங்காம கூட்டா வாங்கணும்.

ஏன் இந்த அவசரம்? சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து வைத்தார். அந்த வேலை இல்லாவிட்டால் எத்தனையோ பாட்டுகளின் வார்த்தைகூட நமக்குக் கிடைத்திருக்காது. ஆனா புத்தகத்தில் வார்த்தைதான் இருக்கும். மெட்டு, இழுப்பு, நடுவில் வருகிற பெருமூச்சு இதெல்லாம் பாடுகிறவரின் தொண்டையில்தான் இருக்கிறது. 1933இல் அமெரிக்காவில் ஜோன் லோமெக்ஸும் அவர் மகன் அலன் லோமெக்ஸும் 140 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒலிப்பதிவு மெஷினைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் நாட்டுப் பாடல்களைப் பதிந்தார்கள். இன்று அதைவிட நல்ல மெஷின் நம்ம சட்டைப் பையில் கிடக்கிறது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து, மலையகம் 200 என்று சொன்னோம். அந்த இருநூறு வருசத்தின் குரலை நாம் எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறோம்?

சரி, காசுக் கதைக்கு வருவோம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. வெளிநாட்டு விமர்சகர்கள் "மலிவு" என்று சொல்லும் சாமான் பெரும்பாலும் 100 டொலரைச் சுற்றி நிற்கும். டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலே 30,000. அந்தச் சம்பளத்தில் அது 22 பேருக்கு மேல், அதாவது அம்மா மழையிலும் வெயிலிலும் கொழுந்தெடுத்த கிட்டத்தட்ட ஒரு மாசம். அதுக்கு மேல 18 சதவீத வற், இறக்குமதிச் செலவு, கடைக்காரர் லாபம். ஒரு சாமானைப் பார்த்தவுடனே 'இது எத்தனை பேரு விலை?'னு கணக்குப் போட்டுப் பாருங்க. பாதி ஆசை அங்கேயே அடங்கிடும். மீதிப் பாதிதான் நமக்குத் தேவையானது.

நாங்கள் செய்த முதல் தப்பு அந்தக் கண்டென்சர் மைக். அது கெட்ட சாமான் இல்லை. சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்த அறைக்கு அது தங்கம். நம்ம காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி, சுண்ணாம்புச் சுவர், சிமெந்துத் தரை, மேலே தகரம். நாங்கள் பார்த்த பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரை போவதும் இல்லை. நுண்மையான மைக் என்றால் ஊர்ச் சத்தத்தையும் நுண்மையாகத்தான் பிடிக்கும். இந்த இடத்துக்கு டைனமிக் மைக்தான் ஏற்றது. கோயில் திருவிழாவில் பாடகர் கையில் பிடித்திருக்கிறதே, அதே வகை. ஷூர் எஸ்எம்58 1966இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. அதைப் போன்ற மலிவு மைக்குகளும் நிறைய இருக்கு. வாய்க்குக் கிட்ட வைத்தால் வாயைப் பிடிக்கும், தூரத்துச் சத்தம் பின்னால் போகும்.

இரண்டாவது தப்பு, போனை அப்படியே நம்பினது. போன் தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். பேசுவதற்கு அது வசதி. தப்பு அடிக்கும்போது அது வினை. ஓர் அடி விழுந்தவுடனே போன் மொத்தச் சத்தத்தையும் அமுக்கும், கூடப் பாடுகிறவரின் குரலும் உள்ளே போய்விடும், அப்புறம் மெதுவாக மேலே வரும். கேட்டால் யாரோ கதவைத் திறந்து திறந்து மூடுவது போல இருக்கும். ஓப்பன் கெமரா என்ற இலவச அண்ட்ரொய்ட் செயலியில் ஒலி மூலத்தை மாற்றும் வசதி உண்டு. அதில் 'பதப்படுத்தாதது' என்ற தெரிவை உங்கள் போன் ஏற்குதான்னு பாருங்க. காசே செலவில்லாமல் கிடைக்கிற முன்னேற்றம் இது.

அப்போ எதை, எந்த வரிசையில் வாங்குறது?

ஒருத்தர் மட்டும் பாடினால் சட்டையில் குத்துகிற சின்ன வயர் மைக் போதும். போயா பிவை-எம்1 போல ஒன்று. இது எல்லாப் பக்கச் சத்தத்தையும் பிடிக்கும் வகை. ஆனால் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருப்பதால் குரல் முன்னால் நிற்கும்.

நாலைந்து பேர் சேர்ந்து மார்கழி பஜனை பாடினால், தப்பும் உடுக்கும் இருந்தால், கையடக்க ஸ்டீரியோ ரெக்கோர்டர் வாங்குங்க. எங்கள் ஓட்டு இதுக்குத்தான். லேப்டொப் தேவையில்லை, கரண்ட் போனாலும் பற்றரியில் ஓடும். 2024இல் வந்த ஸூம் எச்1 எசென்ஷியல் 32-பிட் ஃப்ளோட் முறையில் பதியும். சத்த அளவை முன்கூட்டியே சரியாக வைக்காவிட்டாலும் பின்னால் திருத்தலாம். அதுக்காகத் தப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்காதீங்க, மைக்கே திணறும். பாடுகிறவர் கிட்ட, தப்பு தூர. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ஆளை நகர்த்துவதுதான் நம்ம மிக்ஸிங். பழைய மொடல் ரெக்கோர்டர் என்றால் சத்தம் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்க.

டைனமிக் மைக்கும் அதை லேப்டொப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸும் மூன்றாவது. அதுக்கு ஸ்டாண்டும் வயரும் சேர்ந்து செலவு வளரும், அதனால அவசரமில்லை.

காசில்லாத தந்திரங்களும் உண்டு. கம்பளியை எடுத்து வெறுஞ்சுவரில் தொங்கவிடுங்க, எதிரொலி குறையும். டைனமிக் மைக்கை மேலிருந்து கீழே வாயை நோக்கிச் சாய்த்தால் அதன் முதுகு தகரத்தைப் பார்க்கும், மழைச் சத்தம் கொஞ்சம் அடங்கும். ஆடி ஆவணியில் மழை இல்லை, ஆனா கச்சான் காத்து இருக்கு. இஸ்தோப்பில் உட்கார்ந்து எடுத்தால் மைக்குக்கு முடி வைத்த உறை போடணும், வெறும் ஸ்பொஞ்ச் தாங்காது.

படத்துக்கு, போனின் பின்பக்கக் கெமராவால், படுக்கை வாக்கில், 1080பியில் எடுங்க. பாடுகிறவரை வாசல் வெளிச்சத்துக்கு முகம் காட்டி உட்கார வைத்தால் ரிங் லைட் வேண்டாம். இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பல்ப் வெளிச்சத்தில் படம் மினுங்கினால் ஷட்டரை 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு வினாடிக்கு மாற்றுங்க. தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால் போன் படத்தையும் ரெக்கோர்டர் சத்தத்தையும் பிறகு பொருத்துவது லேசு. ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகப் பதிந்தால் இரண்டும் விலகாது. ஓடாசிட்டியும் டாவின்சி ரிசோல்வும் இலவசம்.

"படம் அழகா இல்லன்னா யூடியூப்ல யாரும் பாக்கமாட்டாங்க"னு எங்க குழுவுலயே சொல்றாங்க. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனா மங்கலான பழைய வீடியோவில் நல்ல பாட்டு கேட்டால் கடைசி வரை இருக்கிறோம். பளபளக்கும் வீடியோவில் சத்தம் இரைந்தால் பத்து வினாடியில் தள்ளிவிடுகிறோம். அதோட, இந்தப் பதிவு முதலில் யாருக்கு? அம்மாயியின் பேரப்பிள்ளைக்கு. அவனுக்கு வியூஸ் கணக்கு தேவைப்படாது.

இன்னும் இரண்டு சாமான் இருக்கு, இரண்டுக்கும் காசில்லை. ஒன்று, அனுமதி. ஒப்பாரியை யூடியூபில் போடலாமான்னு அந்த வீட்டிடம் கேளுங்க. வேண்டாம்னா வேண்டாம்தான். இன்னொன்று, பிரதி. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களையே மூடியது நம்ம பதுளை மாவட்டத்தில்தான். ஒரு வீட்டில், ஒரே மெமரி கார்டில் இருக்கிற பதிவை இருக்கு என்று நம்பக்கூடாது. 24-பிட், 48 கிலோஹேர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் சுமார் 1 ஜிபிதான். ஒன்று பாடியவர் வீட்டில், ஒன்று குழுவிடம், ஒன்று ஊருக்கு வெளியே.

ஒரு டிவிசனுக்கு ஒரு ரெக்கோர்டர் போதும். பத்துப் பேர் சேர்ந்தால் ஆளுக்கு மூணு பேருக்குள்ள வரும். எங்கள் கண்டென்சரை விற்றுவிட்டோம், அடுத்த மாசம் ரெக்கோர்டர் வருது. பக்கத்து டிவிசன்காரங்க கேட்டா தருவோம். அதுவரை உங்க லயத்தில் பாடத் தெரிஞ்ச ஆள் யார் யாருன்னு ஒரு கொப்பியில் எழுதி வையுங்க. வயசு கூடினவங்க பேரை மேலே எழுதுங்க.